அலைநீளத்தைவிடப் பல மடங்கு குறுகிய பிளவுகள் வழியே ஒளி எப்படிக் கடந்து செல்கிறது?

கேள்வி: ஒளியியல்_மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக உலோகக் கீற்றணிகளில் (சம இடைவெளியில் இணைப் பிளவுகள் கொண்ட உலோகத் தகடுகளில்) ஒளி ஊடுருவுவதைப் பற்றிப் படித்து வருகிறேன். அடிப்படையிலேயே ஒரு முரண் தென்படுவதால் அதை இங்கே முன்வைக்கிறேன்.

ஒரு மெல்லிய உலோகத் திரையில் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளை ஒன்று இருந்தால், அதன் மீது விழும் ஒளியில் எவ்வளவு பங்கு மறுபுறம் செல்லும் என்பதை ஹான்ஸ் பெத்தே 1944-இல் கணக்கிட்டார். அந்தப் பங்கு, துளையின் ஆரத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதத்தின் நான்காம் படிக்கு ஏற்ப அமைகிறது. அதாவது, அலைநீளம் இரு மடங்கானால் ஊடுருவல் பதினாறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். ஆனால் போர்ட்டோ, கார்சியா-விடால், பெண்ட்ரி ஆகியோர் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில் 3.5 மைக்ரோமீட்டர் இடைவெளியில் 0.5 மைக்ரோமீட்டர் அகலப் பிளவுகள் கொண்ட தங்கக் கீற்றணியை எடுத்துக்கொள்கிறார்கள். பரப்பில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே திறந்திருக்கும் அந்த அமைப்பின் வழியே, குறிப்பிட்ட சில அலைநீளங்களில், விழும் ஒளியின் பெரும்பகுதி கடந்து விடுகிறது என்று அவர்களுடைய கணக்கீடு காட்டுகிறது.

என் ஐயங்கள் இரண்டு. உலோகத்தின் மீது நேராக விழும் ஒளி எதிரொளிக்கப்படாமல் பிளவுக்குள் எவ்வாறு சென்று சேர்கிறது? பெரும்பாலான நூல்களில் விடையாகச் சொல்லப்படும் பரப்புப் பிளாஸ்மான்கள்தாம் (உலோகத்தின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்களின் அதிர்வோடு சேர்ந்து ஊரும் ஒளியலைகள்) இதற்கு உண்மையான காரணமா?

மறுமொழி 1: அலைநடத்தி

வணக்கம். பிளாஸ்மான்களைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, உலோகம் முழுநிறைக் கடத்தி (மின்தடையே இல்லாத, புலம் உள்ளே நுழையாத உலோகம்) என்றே எடுத்துக்கொண்டு தொடங்குவோம். தங்கள் முதல் ஐயத்துக்கான விடை ஏறத்தாழ முழுவதும் அங்கேயே கிடைத்துவிடும்.

துளையும் பிளவும் ஒரே வகைப் பொருள்கள் அல்ல. துளையின் சுவர் முழுச் சுற்றாக மூடிய ஒரே கடத்தி. வட்டத் துளையினுள் எந்தத் தளவிளைவு (மின்புலம் அதிரும் திசை) கொண்ட அலையும் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு அலைநீளம் வரைதான் பரவ முடியும். அதைத் தாண்டினால் ஆழம் கூடக்கூட மடங்குக்குறிப்படி தேய்ந்து போகும். பிளவு அப்படியல்ல. அதன் இரு சுவர்களும் ஒன்றையொன்று தொடாத இரு தனிக் கடத்திகள். இரண்டு கம்பிகளைக் கொண்ட மின்வடத்தில் எவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணும், நேர்மின்னோட்டமும்கூட, செல்ல முடிவது போல, இரு இணைத்தட்டுகளுக்கு நடுவே மின்புலம் ஒரு சுவரிலிருந்து மறுசுவரை நோக்கி அமைந்த அலைக்கு எந்த அலைநீள வரம்பும் கிடையாது. பிளவின் அகலம் அலைநீளத்தில் நூறில் ஒரு பங்காக இருந்தாலும் அந்த அலை தேயாமல் செல்லும். மின்புலம் பிளவின் நீளத்துக்கு இணையாக இருக்கும் மற்றொரு தளவிளைவுக்குத்தான், அகலம் அரை அலைநீளத்தைவிடக் குறைந்தவுடன் வழி அடைபடுகிறது. ஆகவே போர்ட்டோ குழுவினரின் முடிவுகளைப் பெத்தேயின் சூத்திரத்துடன் ஒப்பிடுவதே பொருந்தாது. அந்தச் சூத்திரம் தடிமனே இல்லாத திரையில் உள்ள சிறு துளைக்கு உரியது.

வழி திறந்திருப்பதால் மட்டும் ஒளி முழுவதும் உள்ளே நுழைந்துவிடாது என்பதும் உண்மைதான். நுழைவாயிலில் பொருத்தமின்மை இருக்கிறது. அலைநீளம் கீற்றணியின் இடைவெளியைவிட நன்றாகப் பெரியது என்று கொண்டால், அதைக் கணக்கிடுவது எளிது. இடைவெளியை d என்றும், பிளவின் அகலத்தை w என்றும், தடிமனை h என்றும் குறிப்போம். ஓர் இடைவெளியின் அகலத்தில் வெட்டவெளி அலை d அகலமுள்ள இணைத்தட்டு வடம் போலவும், பிளவு w அகலமுள்ள வடம் போலவும் செயல்படுகின்றன. இவற்றின் இம்பீடன்ஸ் (அலைக்கு வழி காட்டும் மின் எதிர்ப்பு) விகிதம் d/w. எனவே வெளியிலிருந்து பார்க்கும்போது முழுக் கீற்றணியும் d/w என்ற ஒளிவிலகல் எண்ணும், h-ஐ அதே விகிதத்தால் வகுத்த தடிமனும் கொண்ட ஒரு மின்கடத்தாத் தகடு போலத் தோன்றுகிறது. இதை ஷென், கேட்ரிஸ், ஃபான் ஆகியோர் 2005-இல் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள்.

தாங்கள் குறிப்பிட்ட அளவுகளில் அந்த எண் 7. ஒரே ஒரு பரப்பில் மட்டும் ஒளி விழுந்தால் ஏறத்தாழ 56 சதவீதம் எதிரொளிக்கப்படும். ஆனால் தகட்டுக்கு இரண்டு பரப்புகள் உண்டு. மேல் வாயிலிலும் கீழ் வாயிலிலும் மாறி மாறி எதிரொளிக்கும் அலைகள் பிளவுக்குள் நிலை அலையாக அமையும்போது (இதுவே ஒத்ததிர்வு), அதாவது h அரை அலைநீளத்தின் முழு எண் மடங்காக இருக்கும்போது, மேலே திரும்பி வரும் பகுதிகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. இழப்பே இல்லாத உலோகமாக இருந்தால் அப்போது ஊடுருவல் 100 சதவீதம். பொருத்தமின்மை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இந்த உச்சம் குறையாது. உச்சத்தின் அகலம்தான் குறுகும். உச்சங்களுக்கு நடுவே உள்ள மிகத் தாழ்ந்த மதிப்பு, அதே கணக்கின்படி, ஏறத்தாழ 8 சதவீதம். திறந்த பரப்பு 14 சதவீதம் என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒத்ததிர்வு இல்லாத இடத்தில் பரப்பின் பங்கைவிடக் குறைவாகவும், ஒத்ததிர்வில் அதைப் போல் ஏழு மடங்காகவும் ஒளி செல்கிறது.

3 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு முதல் உச்சம் 6 மைக்ரோமீட்டரில் வர வேண்டும் என்று இந்த எளிய கணக்கு சொல்லும். உண்மையில் அது 7 மைக்ரோமீட்டரைத் தாண்டி வரும். பிளவின் வாயிலுக்கு வெளியேயும் புலம் சற்று நீண்டு நிற்பதால் பிளவு தன் தடிமனைவிட நீளமானது போல நடந்துகொள்வது இதற்கு முதன்மையான காரணம். தங்கத்துக்குள் புலம் சிறிது ஊடுருவுவது இரண்டாவது காரணம்.

இனி, உலோகத்தின் மீது விழும் ஒளி எங்கே போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். விழும் அலையின் காந்தப்புலம் உலோகத்தின் மேற்பரப்பில் பிளவுக்குக் குறுக்கான திசையில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. இடைவெளி இல்லாத உலோகத் தளத்தில் அந்த மின்னோட்டம் தடையின்றி ஓடி, விழுந்த அலைக்குச் சமமான எதிரொளிப்பு அலையை உண்டாக்கும். இங்கே அது பிளவின் விளிம்பில் வந்து தடைபடுகிறது. ஒரு விளிம்பில் நேர்மின்சுமையும் எதிர் விளிம்பில் எதிர்மின்சுமையும் குவிகின்றன. மிச்ச மின்னோட்டம் விளிம்பில் வளைந்து பிளவின் சுவர் வழியே கீழே இறங்குகிறது. குவிந்த மின்சுமையின் புலமும் விழும் அலையின் புலமும் சேரும்போது ஆற்றல் பாயும் கோடுகள் உலோகத்தின் மேற்பரப்பை அடையும் முன்பே பிளவை நோக்கி வளைந்துவிடுகின்றன. ஒளி உலோகத்தில் பட்டுப் பிறகு ஊர்ந்து வருவதாகக் கற்பனை செய்யத் தேவையில்லை. ஒத்ததிர்வில் முழு ஊடுருவல் நிகழும்போது, பிளவுக்குள் ஆற்றல் பாயும் அடர்த்தி வெளியில் உள்ளதைப் போல் ஏழு மடங்காக இருந்தாக வேண்டும்; ஆற்றல் அழியாமை விதியே அதைக் கட்டாயமாக்குகிறது.

தனித்த ஒரு பிளவுக்கும் இது பொருந்தும் என்பதே எனக்கு இன்றும் வியப்பளிப்பது. முழுநிறைக் கடத்தியில் உள்ள ஒற்றைக் குறும்பிளவு தன் ஒத்ததிர்வில் சேகரிக்கும் அகலம், அலைநீளத்தை π-ஆல் வகுத்த அளவு. பிளவின் சொந்த அகலம் அதில் இடம்பெறுவதே இல்லை. 7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அது ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர். டகாகுரா 2001-இல் இந்த ஒற்றைப் பிளவின் ஒத்ததிர்வைப் பகுப்பாய்வு செய்திருக்கிறார். தாங்கள் கீற்றணிக்குள் செல்லும் முன் அந்தச் சிறு கட்டுரையைப் படித்துவிடுவது நல்லது.

மறுமொழி 2: நுண்ணலைப்_பொறியாளர்

மேலே சொல்லப்பட்டதை எங்கள் துறையில் நாள்தோறும் பார்க்கிறோம் என்பதால் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, நீண்ட அலைநீளத்தின் பக்கம் என்ன நடக்கிறது என்பது. பெத்தேயின் துளையில் அலைநீளம் கூடினால் ஊடுருவல் விரைந்து சரிகிறது. பிளவுக் கீற்றணியில், பொருத்தமான தளவிளைவுக்கு, நடப்பது இதற்கு நேர்மாறானது: அலைநீளம் தடிமனைவிடவும் இடைவெளியைவிடவும் மிகப் பெரிதாகும்போது ஊடுருவல் மீண்டும் முழுமையை நோக்கி உயர்கிறது. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1888-இல் இணைக் கம்பிகளைச் சட்டத்தில் கட்டி வானொலி அலைகளின் தளவிளைவைக் காட்டியது இந்தப் பண்பைக் கொண்டுதான். மின்புலம் கம்பிகளுக்கு இணையாக இருந்தால் அலை எதிரொளிக்கப்படும். குறுக்காக இருந்தால் கடந்து செல்லும். இன்று இதே அமைப்பை அலுமினியத்தில் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் செதுக்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான தளவிளைவாக்கியாகப் படவீழ்த்திகளில் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, நுண்ணலை அடுப்பின் கதவு. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.2 சென்டிமீட்டர். கதவின் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள உலோகத் தகட்டில் ஓரிரு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஏராளமான துளைகள் இருந்தும் அலை வெளியே வருவதில்லை. ஆனால் கதவுக்கும் அடுப்பின் உடலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீண்ட இடுக்கு இருந்தால் அது கசியும். துளையைவிடக் குறுகியதாயினும், அந்த இடுக்கு அரை அலைநீளத்தைவிட நீளமானது. அதன் குறுக்கே மின்புலம் அமையும் அலைக்கு அது திறந்த வழி. அதனால்தான் கதவின் விளிம்பில் கால் அலைநீள ஆழமுள்ள ஒரு பள்ளத்தை வைத்து, இடுக்கின் வழியே வரும் அலையைத் திருப்பி அனுப்புகிறார்கள். துளைகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாத வடிவமைப்பாளர் இந்த ஓர் இடுக்கைப் பற்றி மிகவும் கவலைப்படுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒத்ததிர்வே இல்லாமலும் முழு ஊடுருவலைப் பெறலாம். அலை சாய்ந்து விழும்போது, இதே தளவிளைவில், வெளி அலையின் இம்பீடன்ஸ் படுகோணத்தின் கொசைனுக்கு ஏற்பக் குறைகிறது. அந்தக் கொசைன் w/d-க்குச் சமமாகும் கோணத்தில் பொருத்தமின்மையே மறைந்துவிடும். ப்ரூஸ்டர் கோணத்தை ஒத்த இந்த நிலையை ஆலூ உள்ளிட்டோர் 2011-இல் விளக்கினார்கள். தங்கள் கீற்றணியில் அந்தக் கோணம் ஏறத்தாழ 82 பாகை. தடிமன் எதுவாயினும், இடைவெளியைவிட நன்கு நீண்ட அலைகளின் பெரும் பட்டை முழுவதற்கும் அது பொருந்தும்.

ஒளியியல்_மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. துளைக்கும் பிளவுக்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகிவிட்டது. அப்படியானால் பரப்புப் பிளாஸ்மான்களின் பங்கு என்ன? மேலும், இதே கீற்றணியை ஃபூரியே முறையில் (புலத்தையும் கீற்றணியையும் சைன் அலை உறுப்புகளின் கூட்டலாக எழுதும் முறை) நானே கணக்கிட்டு வருகிறேன். மின்புலம் பிளவுக்கு இணையாக உள்ள தளவிளைவில் சில உறுப்புகளிலேயே விடை நிலைபெறுகிறது. குறுக்கான தளவிளைவில் நூறு உறுப்புகளைத் தாண்டியும் விடை அலைபாய்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 3: லலான்_வாசகர்

பிளாஸ்மான் பற்றிய கேள்விக்கு நான் முயல்கிறேன்.

இந்தத் துறையின் சொல்வழக்கு துளைகளிலிருந்து வந்தது. எபெசனும் அவருடைய குழுவினரும் 1998-இல், 200 நானோமீட்டர் தடிமனுள்ள வெள்ளிப் படலத்தில் 150 நானோமீட்டர் விட்டத் துளைகளை 900 நானோமீட்டர் இடைவெளியில் அமைத்து, 1370 நானோமீட்டரில் ஓர் உச்சத்தைக் கண்டார்கள். பெத்தேயின் சூத்திரத்தில் இந்த எண்களை இட்டால், துளைகளின் மீது விழும் ஒளியில் 0.3 சதவீதத்தை ஒட்டிய பங்குதான் கடக்க வேண்டும். அவர்கள் கண்டதோ துளைகளின் மீது விழுந்ததைவிட அதிகமான ஒளி. துளைக்குள் பரவும் அலை இல்லாததால், மேற்பரப்பில் ஓர் ஒத்ததிர்வு இருந்தே ஆக வேண்டும். பிளாஸ்மான் விளக்கம் அங்கே இயல்பாகப் பொருந்தியது. பிளவுக் கீற்றணிக்கும் அதே விளக்கம் அப்படியே கடத்தப்பட்டதில்தான் சிக்கல் தொடங்கியது.

போர்ட்டோ குழுவினர் இரண்டு வழிகளைப் பிரித்தே கூறினார்கள்: பிளவுக்குள் அமையும் நிலை அலை ஒன்று, இருபுற மேற்பரப்புகளிலும் பிணைந்த பிளாஸ்மான்கள் மற்றொன்று. காவோவும் லலானும் 2002-இல் இரண்டாவதை நேரடியாக மறுத்தார்கள். பிளாஸ்மான் கிளர்வதற்கான நிபந்தனை துல்லியமாக நிறைவேறும் அலைநீளத்தில் ஊடுருவல் உச்சத்தை அடைவதில்லை, ஏறத்தாழ மறைந்தே போகிறது என்பது அவர்களுடைய முடிவு. அருகிலுள்ள பிளவுகளிலிருந்து மேற்பரப்பு வழியே ஒரே கட்டத்தில் வந்து சேரும் அலைகள், நேராக விழும் அலையின் விளைவைப் பிளவின் வாயிலில் நீக்கிவிடுகின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த வாதம் எளிதில் தீராததற்கு ஒரு காரணத்தை எண்களில் காட்டலாம். இடைவெளி 1500 நானோமீட்டர் என்று கொள்வோம். நேர்குத்தாக விழும் ஒளியில், முதல் விளிம்பு விளைவு வரிசை மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் ராலே அலைநீளம் சரியாக 1500. அந்தப் பகுதியில் தங்கத்தின் மின்விடுதிறனின் (பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு எதிர்வினை தருகிறது என்பதைக் காட்டும் எண்) மெய்ப்பகுதி ஏறத்தாழ −115. அதைக் கொண்டு பிளாஸ்மான் நிபந்தனையைக் கணக்கிட்டால் 1506 அல்லது 1507 வரும். வுட் 1902-இல் கீற்றணி நிறமாலையில் கண்ட முரண்பட்ட வரிகளுக்கு ராலே 1907-இல் தந்த விளக்கமும், பின்னர் வந்த மேற்பரப்பு அலை விளக்கமும் நிறமாலையில் இவ்வளவு நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. சற்று அகலமான எந்த உச்சத்தையும் இரண்டில் எதனோடும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஆகவே, உச்சம் இடைவெளிக்கு அருகில் வருகிறது என்பதை மட்டும் கொண்டு பிளாஸ்மான் என்று முடிவு கட்டும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.

முழுநிறைக் கடத்தியில் உண்மையான பரப்புப் பிளாஸ்மானே கிடையாது. இருந்தும் அதில் இதே உச்சங்கள் கணக்கீட்டில் வருகின்றன. இது வலுவான சான்று. அதற்காக மேற்பரப்பு அலைகளை முற்றிலும் தள்ளிவிடவும் கூடாது. துளை அணிகளுக்கு லியூவும் லலானும் 2008-இல் உருவாக்கிய நுண்ணிலைக் கோட்பாட்டின்படி, உச்சத்தில் பிளாஸ்மான்களின் பங்கு ஏறத்தாழ பாதி. மீதி, துளைகள் சிதறடிக்கும் வேறு வகை மேற்பரப்பு அலையிலிருந்து வருகிறது. பிளவுக் கீற்றணியில் என் கணிப்பு இதுதான்: இடைவெளியைவிட நன்றாக நீண்ட அலைநீளங்களில் வரும் உச்சங்கள் பிளவுக்கு உரியவை, இடைவெளிக்கு அருகில் வருபவை பிளவின் நிலை அலையும் மேற்பரப்பு அலையும் கலந்தவை, அவற்றைப் பிரித்துப் பெயரிடுவதில் பயன் குறைவு.

உண்மை உலோகத்தின் இன்னொரு விளைவை மறக்க வேண்டாம். பிளவுக்குள் அலையின் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கம், ஒன்றுடன் 2δ/w-ஐக் கூட்டினால் கிடைப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். இங்கே δ என்பது உலோகத்துக்குள் புலம் ஊடுருவும் ஆழம். 1500 நானோமீட்டரில் தங்கத்துக்கு அது ஏறத்தாழ 22 நானோமீட்டர். 100 நானோமீட்டர் பிளவில் எண் 1.2, 50 நானோமீட்டரில் 1.37. பிளவு குறுகும்போது வாயிலின் நீட்சி குறைவதால் உச்சம் குறைந்த அலைநீளத்தை நோக்கி நகர முயலும். எண் உயர்வதால் நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர முயலும். நுண்ணலைகளிலேயே இந்தத் திருப்பத்தை 2004-இல் சக்லிங் உள்ளிட்டோர் அளந்து காட்டினார்கள். அத்துடன் இழப்பும் கூடுகிறது. எனவே முழுநிறைக் கடத்தியில் எவ்வளவு குறுகினாலும் குறையாத உச்சம், தங்கத்தில் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே வரும்.

மறுமொழி 4: எண்முறை

ஃபூரியே முறையின் அலைபாய்தல் அனைவரும் சந்தித்த பழைய சிக்கல். குறுக்கான தளவிளைவில் மின்புலம் உலோகத்தின் எல்லையில் தாவுகிறது. மின்விடுதிறனும் அதே இடத்தில் தாவுகிறது. ஆனால் இரண்டின் பெருக்கலான இடப்பெயர்ச்சிப் புலம் தாவாமல் தொடர்கிறது. இத்தகைய பெருக்கலை வழக்கமான முறையில் முடிவுள்ள உறுப்புகளோடு துண்டித்தால், ஒவ்வொரு எல்லையிலும் பிழை தங்கிவிடும். மின்விடுதிறனின் தலைகீழுக்கு ஃபூரியே அணியை அமைத்து, பிறகு அந்த அணியின் நேர்மாறைப் பயன்படுத்த வேண்டும். லலானும் மோரிஸும், தனியே கிரானேவும் கிசாலும், 1996-இல் இந்த மாற்றத்தைச் செய்தார்கள். அதே ஆண்டில் லீஃபெங் லி அதற்கான கணித அடிப்படையைத் தந்தார். தங்கள் நிரலில் அந்த ஓர் அணியை மாற்றினால் உறுப்புகளின் தேவை வெகுவாகக் குறையும்.

எதிரொளிப்பும் ஊடுருவலும் சேர்ந்து ஒன்றாகின்றனவா என்று பார்ப்பதை மட்டும் சரிபார்ப்பாகக் கொள்ள வேண்டாம். இழப்பில்லாத அமைப்பில், விடை நிலைபெறாத நிலையிலும் இந்த முறை ஆற்றல் சமன்பாட்டை நிறைவு செய்துவிடும். அதற்குப் பதிலாக மின்விடுதிறனை மிகப் பெரிய எதிர்ம எண்ணாக வைத்து முழுநிறைக் கடத்தியை அணுகுங்கள். பிறகு 40 மைக்ரோமீட்டர், 100 மைக்ரோமீட்டர் என்று அலைநீளத்தை உயர்த்திச் செல்லும்போது ஊடுருவல் ஒன்றை நோக்கி ஏறுகிறதா, 3 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு முதல் உச்சத்துக்கும் அந்த ஏற்றத்துக்கும் நடுவே உள்ள தாழ்வு 8 சதவீதத்துக்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் பொருந்திய பிறகு தங்கத்தின் உண்மையான மதிப்புகளை இடலாம்.